இரக்கம் வேண்டாம் என்ற கலைஞர்கள்

கேள்வி: மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் போராட்டத்தில் கலைக்குப் பங்கு உண்டா?

பதில்: பிரிட்டனில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கடினம். பல ஆண்டுகள் காப்பகத்தில் வாழ்ந்த பால் ஹன்ட், 1972இல் ‘கார்டியன்’ நாளிதழுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். அதிலிருந்து ஓர் அமைப்பு பிறந்தது. நிறவெறியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவில் சிறை சென்ற விக் ஃபிங்கல்ஸ்டைனும் அதில் சேர்ந்தார். முடக்குவது உடற்குறை அல்ல, படிக்கட்டு மட்டுமே வைத்துக் கட்டும் சமூகம்தான் என்பது அவர்கள் வாதம்.

1980இல் ஊனமுற்ற கலைஞர்களின் கிரேயி நாடகக் குழுவும் 1986இல் லண்டன் ஊனமுற்றோர் கலை மன்றமும் தொடங்கின. பாட்டும் நையாண்டியுமாக நடந்த மேடைகளே போராட்டத்துக்கு ஆள் சேர்த்தன. துண்டறிக்கைகளால் அந்த அளவுக்கு முடிந்திருக்காது.

உச்சம் 1992 ஜூலையில் வந்தது. ஐடிவி தொலைக்காட்சி ஒரு நாளுக்கும் மேலாக நடத்திய ‘டெலிதான்’ நன்கொடை நிகழ்ச்சி, ஊனமுற்றோரைப் பரிதாபப் பொருளாகக் காட்டியது. நகைச்சுவைக் கலைஞர் பார்பரா லிசிக்கியும் பாடகர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தும் திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் லண்டன் ஸ்டுடியோ வாசலில் கூடினர். பலர் அணிந்திருந்த கறுப்பு டி-ஷர்ட்டில், இரக்கத்தின்மேல் சிறுநீர் கழிப்போம் என்ற பொருளில் இளஞ்சிவப்பு எழுத்துகள். நாகரிகமான முழக்கமல்ல, ஆனால் வேலை செய்தது. டெலிதான் பிறகு நடக்கவே இல்லை.

மறு ஆண்டு அந்த இருவரும் சேர்ந்து தொடங்கிய நேரடிப் போராட்ட அமைப்பினர், சக்கர நாற்காலி ஏற முடியாத பேருந்துகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டனர். 1995இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. வேலைவாய்ப்பு விதிகளிலிருந்து இருபதுக்கும் குறைவான ஊழியர் கொண்ட நிறுவனங்களுக்கு அது விலக்கு அளித்ததால், போராட்டம் தொடர்ந்தது.