பச்சரிசி வெள்ளைதானே?

தோழிகளே, பச்சரிசி வெள்ளையாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் ‘பச்சை’?

போன மாதம் எனக்குத் தம்பி பிறந்தான். அம்மா குடம் எடுத்ததும் ஆயா, “பச்ச உடம்புக்காரி, தூக்காதேடி” என்று கத்தினார். ஆங்கில வகுப்பில் இதை ‘கிரீன் பாடி’ என்று எழுதினேன். எல்லாரும் சிரித்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்க பாகூர்ப் பக்கம் நெல்லை அவிச்சுக் குத்தினா புழுங்கலரிசி, அவிக்காம குத்தினா பச்சரிசி. காய்ச்சாதது பச்சைப்பால். ஆறாதது பச்சைப்புண். அம்மா உடம்பும் இன்னும் ஆறவில்லை, அதைத்தான் ஆயா சொன்னார். (பச்சைப்பொய் மட்டும் இதில் சேராது!)

தமிழில் மட்டும்தானா? ஆங்கிலத்திலும் காயாத விறகு ‘கிரீன்’. அனுபவமில்லாத ஆளும் ‘கிரீன்’. அந்தக் காலத்தில் ஆறாத புண்ணையும் ‘கிரீன்’ என்றுதான் சொன்னார்கள். சிரித்தவர்கள் கவனிக்கவும்!

இப்போ தண்ணிக்குடம் நான்தான் தூக்குகிறேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி