கணிப்பொறிப் பகுதி: கிடங்குக்குள்ளேயே ஒரு மேசை போடுவோம்



நம்மில் பலர் இருப்பு, கொள்முதல், பற்று வரவு ஆகியவற்றைக் கிளவுடில் வைத்துள்ளோம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் சேவைக்கு 2016 முதல் மும்பையிலேயே மையம் உண்டு. அங்கு நமக்கென அமைக்கும் தனி நெட்வொர்க்குக்கு விபிசி என்று பெயர். அதை நமது பூட்டிய கிடங்கு எனக் கொள்ளலாம். கணக்கு டேட்டாபேஸ் அக்கிடங்கினுள் இருப்பதே முறை.

ஆனால் நடப்பது என்ன? "வீட்டிலிருந்தும் கணக்குப் பார்க்க வேண்டும்" என்று நாம் கேட்கிறோம். சாஃப்ட்வேர் போட்டுத் தருபவர் டேட்டாபேஸை ஊருக்கே திறந்துவிடுகிறார். அனுமதி விதியில் 0.0.0.0/0 என்றிருந்தால் ஷட்டர் இரவு பகலாகத் திறந்திருக்கிறது என்று பொருள். பாஸ்வேர்டு ஒன்றே பூட்டு. நிலுவைக் கணக்கு அழிந்துபோனால் யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று எதைப் பார்த்துக் கேட்பது?

இதற்கு ஒரு வழி உண்டு. கிளவுட்ஷெல் என்பது பிரவுசரிலேயே கமாண்டு தட்டும் திரை. 2024 முதல் அதனை விபிசிக்குள்ளேயே அமைக்க முடிகிறது. கிடங்குக்குள் மேசை போட்டு உட்கார்ந்து பேரேட்டைப் பார்ப்பது போன்றது இது.

செய்முறை:

1. முதலாளி கணக்கான ரூட் கணக்கில் நுழைய வேண்டாம். தனிப் பயனர் ஒருவரை உண்டாக்கி, கிளவுட்ஷெல்லுக்கும், விபிசியில் நெட்வொர்க் இணைப்பு அமைக்கவும் தேவையான அனுமதியை மட்டும் தருக.

2. கிளவுட்ஷெல்லைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, விபிசி சூழல் உருவாக்குவதைத் தேர்வு செய்க. பெயர், விபிசி, சப்நெட், செக்யூரிட்டி குரூப் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒரு சூழலுக்கு 5 செக்யூரிட்டி குரூப் வரை சேர்க்கலாம். ஒரு பயனருக்கு 2 சூழல்களே உண்டு.

3. டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப்பில், கிளவுட்ஷெல்லின் செக்யூரிட்டி குரூப்புக்கு மட்டும் வழி விடுக. மைஎஸ்கியூஎல் எனில் வழக்கமாக 3306-ஆம் போர்ட்.

4. உள்ளிருந்து இணைப்பு கிடைப்பதைச் சோதித்து, பில் போடும் கணிப்பொறிகளுக்கு வேண்டிய விதி தனியே இருப்பதையும் உறுதி செய்த பின்னரே, 0.0.0.0/0 விதியை நீக்குக.

கவனிக்க வேண்டியவை: 20 முதல் 30 நிமிடம் சும்மா இருந்தால் சூழல் நின்றுவிடும், அதில் வைத்த கோப்புகளும் போய்விடும். எனவே எடுத்த பட்டியலை எஸ்3 சேமிப்பில் போடுவது நல்லது. அதற்குக் கேட்வே எண்ட்பாயிண்ட் அமைத்தால் போதும், தனிக்கட்டணம் இல்லை. வெளி இணையம் வேண்டுமானால் தனியார் சப்நெட்டுடன் நாட் கேட்வே தேவை. பொது சப்நெட்டில் வைத்தால் மட்டும் இணையம் வராது. நாட் கேட்வேக்கு மணிக்கணக்கில் கட்டணம் ஓடும். வேலை முடிந்ததும் நீக்குக. கிளவுட்ஷெல்லுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

சாஃப்ட்வேர்காரர் அடுத்த முறை வரும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "நம் டேட்டாபேஸுக்கு யார் யாருக்கு வழி திறந்திருக்கிறது?" விதிகளைத் திரையில் காட்டச் சொல்லி, நாமே பார்த்துக்கொள்வோம். இரவில் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறோம்!