வீட்டுக் கம்பியில்லா வலையும் அதன் காவலும்

நம் நாட்டில் இன்று நகரங்களிலும் கிராமங்கள் பலவற்றிலும் இணையத் தொடர்பு வீட்டு வாயிலை எட்டியுள்ளது. வீட்டினுள் ஒரு சிறு பெட்டி அமர்ந்து அத்தொடர்பைக் கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் கம்பியின்றிப் பகிர்ந்தளிக்கின்றது. இப்பெட்டியை ரூட்டர் என்றும், அது அமைக்கும் கம்பியில்லா வலையை வைஃபை என்றும் வழங்குகிறோம். மாணவரின் மதிப்பெண்ணை வீட்டிலிருந்தே பதிவு செய்யும் ஆசிரியரும், உழவரின் நில விவரங்களையும் வங்கிக் கணக்கு எண்களையும் இரவில் தொகுக்கும் களப்பணியாளரும் இவ்வலையையே நம்பியுள்ளனர். அதனைக் காக்கும் முறைகளை எளிதில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

அலைக்குச் சுவர் இல்லை

வைஃபை என்பது வானொலி அலையே. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைப்பட்டைகளை இது பெரும்பாலும் பயன்படுத்துகிறது. முதலாவதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். 2005 ஜனவரியில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, குறைந்த ஆற்றலுடைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத் தனி உரிமம் இன்றியே பயன்படுத்தலாம். எனவேதான் எவரும் தம் வீட்டில் இத்தகைய வலையை அமைத்துக்கொள்ள இயலுகிறது.

கம்பியில் செல்லும் செய்தியை அறிய வேண்டுவோன் கம்பியைத் தொட வேண்டும். அலையில் செல்லும் செய்திக்கோ அத்தடை இல்லை. செங்கற்சுவர் அலையை ஓரளவு மெலிவிக்குமேயன்றி முற்றும் நிறுத்தாது. நம் வீட்டுத் திண்ணையில் கிட்டும் அலை, தெருவில் நிற்பவனுக்கும் அடுத்த மாடியில் குடியிருப்பவனுக்கும் கிட்டும். ஆதலின் காவலைச் சுவரிடம் விட்டுவிட முடியாது. செய்தியையே சங்கேதமாக மாற்றி அனுப்ப வேண்டும். சங்கேதம் இல்லாத வலை அஞ்சலட்டையைப் போன்றது; சங்கேதம் உள்ள வலை முத்திரையிட்ட உறையைப் போன்றது.

காவலின்மையால் நேரும் தீங்கு

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர்ச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் காவலற்ற வைஃபை வழியே அனுப்பப்பட்டதென்று புலனாயிற்று. அஞ்சலை அனுப்பியவர் வேறு. விசாரணையின் சுமையைத் தாங்கியவரோ அவ்வீட்டில் குடியிருந்தவர். இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாப்புடன் பயன்படுத்துவது குறித்துக் கட்டளைகள் பிறப்பித்தது.

இன்று வங்கிகளின் இணையப் பக்கங்கள் தம் செய்திகளைத் தாமே சங்கேதமாக்கி அனுப்புகின்றன என்பது உண்மையே. எனினும் வலையினுள் நுழைந்தவன் நம் இணைப்பைக் கொண்டு குற்றம் புரியலாம். வீட்டிலுள்ள கேமராவையும் கணிப்பொறியையும் நெருங்கலாம். ரூட்டரின் அமைப்பை மாற்றி, நாம் நாடும் பக்கத்திற்குப் பதிலாகப் போலிப் பக்கத்தைக் காட்ட முயலலாம்.

சங்கேத முறைகளின் வரலாறு

வைஃபைக்குரிய முதல் தரமுறை 1997இல் வெளியாயிற்று. அதில் அமைந்த சங்கேத முறைக்கு வெப் என்று பெயர். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர் அதன் அடிப்படைக் குறையை வெளிப்படுத்தினர். அதன் பின் 2003இல் டபிள்யூ.பி.ஏ. என்ற இடைக்கால முறையும், 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 என்ற வலிய முறையும், 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 என்ற முறையும் வந்தன. இவற்றுள் வெப்பும் முதல் டபிள்யூ.பி.ஏ.யும் கைவிடத்தக்கவை. ரூட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 இருப்பின் அதனையும், இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2ஐயும் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

கடவுச்சொல்லின் வலிமை: ஒரு கணக்கு

டபிள்யூ.பி.ஏ.2 முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஒரு கருவி வலையில் சேரும்போது நிகழும் சிறு செய்திப் பரிமாற்றத்தை ஒருவன் பதிவு செய்துகொண்டால், பின்னர்த் தன் இடத்திலேயே அமர்ந்து கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். திறன்மிக்க கணிப்பொறி ஒன்று வினாடிக்கு 10 லட்சம் சொற்களைச் சோதிக்க வல்லது. அவ்வேகத்தையே கணக்கிற்கு எடுத்துக்கொள்வோம்.

பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைப்போர் பலர். நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய 36,500 நாள்களே உள்ளன. அவை அனைத்தையும் சோதிக்க ஒரு வினாடிகூட ஆகாது. கைப்பேசி எண்ணை வைப்போரும் உளர். நம் நாட்டுக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களுள் ஒன்றில் தொடங்குவதால், மொத்தம் 400 கோடி எண்களே இயலும். இதற்கு 4,000 வினாடி, அதாவது ஒரு மணிக்குச் சற்று மிகுதியான நேரமே போதும்.

இனி, 5,000 சொற்கள் அடங்கிய பட்டியலிலிருந்து ஐந்து சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுப்பதாகக் கொள்வோம். 5,000ஐ ஐந்து முறை பெருக்கின் வரும் தொகையைச் சோதித்து முடிக்க ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும். உலக்கை, நங்கூரம், மிளகு, ஏணி, பஞ்சு என்பன போன்ற தொடர்பற்ற சொற்களை உரோமன் எழுத்தில் சேர்த்து எழுதலாம். அவை நினைவிலும் எளிதில் நிற்கும். ஆனால் சொற்களை மனம்போல் தேர்ந்தெடுத்தல் கூடாது. அகராதியைக் கண்மூடித் திறந்து விரல் வைத்து எடுப்பதே முறை. பழமொழியும் பாட்டின் அடியும் பயன்படா. இங்கு அச்சிட்ட ஐந்து சொற்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாகாது.

செய்ய வேண்டியவை

1. ரூட்டரின் அமைப்புப் பக்கத்திற்குச் செல்லும் முகவரி பெரும்பாலும் அதன் அடியிலுள்ள ஒட்டுச்சீட்டில் காணப்படும். அப்பக்கத்திற்கெனத் தனிக் கடவுச்சொல் உண்டு. வைஃபைக் கடவுச்சொல் வாயிற்கதவின் சாவி எனின், இது பெட்டகத்தின் சாவி. தொழிற்சாலையில் வைத்த சொல்லை முதலில் மாற்றுக. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், இத்தகைய மாற்றப்படாத சொற்களை முயன்றே உலகெங்கும் கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது.

2. சங்கேத முறையை மேற்கூறியவாறு அமைத்துப் புதிய வைஃபைக் கடவுச்சொல்லை இடுக. இதன் பின் வீட்டுக் கருவிகள் அனைத்தும் இணைப்பை இழக்கும், அஞ்ச வேண்டா. ஒவ்வொன்றிலும் புதிய சொல்லை ஒருமுறை இட்டால் போதும்.

3. டபிள்யூ.பி.எஸ். என்ற எளிய இணைப்பு வசதியை நிறுத்துக. அதன் எட்டிலக்க எண்ணை ரூட்டர் இரு பகுதிகளாகச் சரிபார்க்கிறது. இறுதி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணித்துப் பெறப்படுவது. எனவே முதற்பகுதிக்கு 10,000, மறுபகுதிக்கு 1,000 என மொத்தம் 11,000 முயற்சிகளே தேவை. இக்குறை 2011இல் வெளியாயிற்று.

4. வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதி தேவையற்றதாயின் அதனையும் நிறுத்துக.

5. ரூட்டரின் நிரலைப் புதுப்பித்து வருக. 2017இல் டபிள்யூ.பி.ஏ.2 முறையிலேயே ஒரு குறை காணப்பட்டபோது, புதுப்பித்த கருவிகளே அதனின்று தப்பின. தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய பெட்டியை மாற்றுதலே நலம்.

6. விருந்தினர்க்கெனத் தனி வலை அமைக்கும் வசதி இருப்பின், வந்துபோவோர்க்கும் கேமரா, தொலைக்காட்சி முதலிய கருவிகளுக்கும் அதனையே வழங்குக.

போலிக் காவல்

வலையின் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுவர். மறைத்த வலையைத் தேடும் கைப்பேசி, செல்லும் இடமெல்லாம் அப்பெயரைச் சொல்லி அழைக்கும். எனவே பெயர் மறைவதில்லை. கருவிகளின் அடையாள எண்ணைக் கொண்டு வடிகட்டுவதும் அத்தகையதே. அவ்வெண் சங்கேதமின்றி அலையில் செல்வதால், பிறன் அதனைப் பார்த்துத் தன்னதாக்கிக்கொள்ள இயலும்.

ஆசிரியர்க்கு

கைப்பேசியில் அருகிலுள்ள வலைகளின் பட்டியலைக் காட்டி, எவற்றில் பூட்டுக்குறி உள்ளது, எவற்றில் இல்லை என மாணவரைக் காணச் செய்யலாம். காண்பதோடு நிற்க வேண்டும். அனுமதியின்றிப் பிறர் வலையில் நுழைதல், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இழப்பீட்டிற்குரியது. நேர்மையற்ற நோக்கத்துடன் செய்யின் தண்டனைக்கும் உரியது. இணையவழிப் பண மோசடிக்கு ஆளானோர் காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும் என்பதையும் கிராம மக்களுக்கு எடுத்துரைத்தல் நன்று.

இப்பணிகள் அனைத்தும் ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடியவை. பொருட்செலவும் பெரும்பாலும் இல்லை. பிறர் நம்மிடம் ஒப்படைத்த விவரங்களைக் காப்பதும் நம் கடமையேயாதலின், களப்பணியாளரும் ஆசிரியரும் முதலில் தம் வீட்டில் இவற்றைச் செய்து பார்த்து, பின்னர்ப் பிறர்க்குக் கற்பிப்பார்களாக.

பயிற்சி வினாக்கள்

1. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் சேர்த்த கடவுச்சொல்லைச் சோதித்து முடிக்க, மேற்கண்ட வேகத்தில் எத்தனை நாள் ஆகும்? (விடை: ஏறக்குறைய 2.4 நாள்.)

2. வைஃபைக் கடவுச்சொல்லுக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கக் கடவுச்சொல்லுக்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டும் ஒன்றாக இருத்தல் ஏன் கூடாது?