தொழிற்களத்தில் ஐந்து வேலிகள்

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டையை நோக்கிச் செல்வோர், தாமிரபரணியின் மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்ததும் வண்ணார்பேட்டையை அடைகின்றனர். இன்று அது மாநகராட்சியின் ஒரு பகுதி. மருத்துவமனைகளும் கடைகளும் பேருந்துகளும் நிறைந்த இடம். ஆயினும், துணி வெளுக்கும் தொழிலாளர் வாழ்ந்த பேட்டை அது என்பதை அதன் பெயர் இன்றும் உணர்த்துகிறது. அத்தொழிலைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். உவர்மண் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து வெள்ளாவியில் வைப்பார்கள். அழுக்கை அகற்றும் அதே காரம் கைத்தோலையும் அரிக்கும். துணியை வெளுக்கும் அதே நீராவி உடலையும் சுடும். பயனைத் தரும் பொருளே தீங்கையும் தருகிறது. வெளுக்கும் தொழிலுக்கு மட்டுமன்று, வயலில் மருந்து தெளிப்பவருக்கும், குடிநீர்த் தொட்டிக்கு மருந்திடுபவருக்கும், கல் உடைப்பவருக்கும், பள்ளியில் அமிலத்தைக் கையாளும் மாணவருக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

விபத்து நேர்ந்தால் விதி என்று கூறி அமைதி அடைவது நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். காப்பைப் பற்றிச் சிந்திப்பவர்களும், கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகின்றனர். அவை தேவையானவையே. ஆனால் அவை கடைசி வேலி. முதல் வேலி அன்று. இதனை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் தெளிவாக உணர்தல் வேண்டும்.

வேலிகளின் வரிசை

தொழிற்காப்பு அறிஞர்கள் தீங்கைத் தடுக்கும் வழிகளை ஐந்தாக வகுத்துள்ளனர். அவற்றை ஐந்து வேலிகள் எனக் கொள்வோம்.

முதலாவது, அகற்றுதல். தீங்கு தரும் பொருளையோ வேலையையோ இல்லாமலே செய்துவிடுதல். இரண்டாவது, மாற்றுதல். கொடிய பொருளுக்குப் பதிலாகத் தீங்கு குறைந்ததைக் கொள்ளுதல். மூன்றாவது, பிரித்தல். ஓடும் பெல்ட்டுக்குக் கம்பி மூடி இடுவதுபோல, தீங்குக்கும் மனிதனுக்கும் நடுவே தடுப்பை அமைத்தல். நான்காவது, முறைப்படுத்துதல். வேலைக்குரிய விதி, பயிற்சி, நேரம், மேற்பார்வை ஆகியவற்றை வகுத்தல். ஐந்தாவது, உடற்காப்பு. கையுறை, காலணி, முகமூடி, தலைக்கவசம் முதலியவற்றை அணிதல்.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. முதல் மூன்று வேலிகளும் ஒருமுறை அமைத்துச் செம்மையாகப் பேணிவந்தால் தாமே நின்று காக்கும். கடைசி இரண்டும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நொடியும், மனிதனின் நினைவையும் பொறுமையையும் நம்பி நிற்பவை. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் களைத்துப்போன தொழிலாளி முகமூடியைக் கழற்றி வைப்பதில் வியப்பில்லை. அவரைக் குறை கூறுவதைவிட, அவர் மறந்தபோதும் காக்கக்கூடிய வேலியை அமைப்பதே அறிவுடைமை.

அடைமிதிப்பான்குளம் தரும் பாடம்

வண்ணார்பேட்டைக்குத் தெற்கே, முன்னீர்பள்ளத்தை அடுத்துள்ளது அடைமிதிப்பான்குளம். 2022ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் இரவு, அங்குள்ள ஒரு கல்குவாரியில் பெரும்பாறை சரிந்து வீழ்ந்தது. சுமார் 300 அடி ஆழமுள்ள பள்ளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள், லாரிகளோடும் மண் அள்ளும் இயந்திரங்களோடும் அகப்பட்டுக் கொண்டனர். தீயணைப்புத் துறையினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் பல நாட்கள் போராடினர். மீட்புப் பணியின்போதும் பாறைகள் சரிந்துகொண்டே இருந்தன. ஆறு பேரில் நால்வர் உயிரிழந்தனர்.

இதன் சட்டப் பொறுப்பை ஆராய்வது நம் நோக்கமன்று. நமக்குரிய பாடத்தையே நோக்குவோம். அத்தகைய பாறையின் முன் எந்தத் தலைக்கவசமும் பயன்படாது. ஆழ்ந்த குவாரியில் உயிரைக் காப்பது மூன்றாம் வேலியே. பள்ளத்தின் சுவர்களைச் செங்குத்தாக விடாமல், படிப்படியாக வெட்டி இறக்கவோ, சரிவாக அமைக்கவோ, வேறு வகையில் உறுதிப்படுத்தவோ வேண்டும் என்னும் விதி, 1961ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட சுரங்க ஒழுங்குமுறைகளிலேயே இடம் பெற்றது. படியாக வெட்டிய சுவரில் மேலிருந்து உருளும் கல் அடுத்த படியில் தங்கும். செங்குத்தான சுவரில் அது நேரே மனிதன்மீது விழும். தம் எல்லைக்குள் குவாரி உள்ள ஊராட்சிகள் இதனைக் கண்ணால் கண்டே அறியலாம். படிகள் இல்லாத சுவரைக் கண்டால், விபத்துக்கு முன்பே கனிமவளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தால் தெரிவித்தல் வேண்டும். கண் கெட்ட பின்னர்ச் சூரிய வணக்கம் செய்து பயனில்லை.

வயலும் ஒரு தொழிற்களமே

குவாரியில் தீங்கு கண்முன் நிற்கிறது. வயலிலோ அது சிறு புட்டியில் அடங்கியிருக்கிறது. 1958ஆம் ஆண்டு கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிகொல்லி கலந்துவிட்ட மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உணவுப்பொருளும் நஞ்சும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டதால் நேர்ந்த பேரிழப்பு அது. பிரித்தல் என்னும் வேலி தவறிய இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, 1968இல் பூச்சிகொல்லிச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. வீட்டில் நெற்குதிருக்கு அருகிலேயே மருந்துப் புட்டியை வைக்கும் உழவர், அக்கப்பல் செய்த பிழையையே சிறிய அளவில் செய்கிறார்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் நெல்லுக்குப் புகையான் பெரும் பகையாகும். இங்கு முதல் வேலி, தெளிக்கும் தேவையையே குறைப்பதாகும். நடும்போது எட்டடிக்கு ஓரடி வீதம் பட்டம் விட்டால் காற்றும் ஒளியும் பயிரின் அடிவரை செல்லும், புகையான் பெருகாது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இடுதல் கூடாது. தூருக்கு ஒரு பூச்சி என்னும் அளவை எட்டிய பின்னரே மருந்தை நாட வேண்டும். சிலந்திகள் தூருக்கு ஒன்றாக இருப்பின் இரண்டு பூச்சி வரையிலும் பொறுக்கலாம். அவை கூலி கேளாத காவலர்கள். இத்தகைய முறைகளைப் பற்றி வேளாண்மை அலுவலரிடமோ, 1937 முதல் இப்பள்ளத்தாக்கிற்குப் பணியாற்றிவரும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டறியலாம்.

தெளித்தே ஆகவேண்டுமாயின் இரண்டாம் வேலியை நாடுவோம். புட்டியின் மேலுள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும், நீலம் நடுத்தரமானதையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். பச்சையோ நீலமோ போதுமானால் சிவப்பை வாங்குவானேன்? மருந்தைக் கையால் கலக்காமல் நீண்ட கோலால் கலக்குதல், காற்று வீசும் திசையிலேயே தெளித்தல், அடைத்த முனையை வாயால் ஊதாதிருத்தல், வேலை முடியும்வரை உண்ணாமலும் புகைக்காமலும் இருத்தல் ஆகியன நான்காம் வேலி. முழுக்கைச் சட்டை, கையுறை, காலணி, முகமூடி ஆகியன ஐந்தாம் வேலி.

தெளித்தவர் வீடு திரும்பியதும் தீங்கு முடிந்துவிடுவதில்லை. நஞ்சு தோய்ந்த துணி, வெளுப்பவரின் கைக்குச் செல்கிறது. வீட்டுப் பெண்களாயினும், சலவைத் தொழிலாளராயினும், மருந்தைத் தொடாத ஒருவர் அதன் தீங்கை ஏற்க நேர்கிறது. ஆகவே அத்துணியைப் பிற துணிகளோடு சேர்க்காமல், கையுறை அணிந்து, தனி வாளியில் சோப்பிட்டு வெளுத்தல் வேண்டும். தெளிப்பானையும் புட்டியையும் பாளையங்கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ ஆற்றிலோ கழுவுதல் கூடாது. இந்நீர் கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிநீராகும்.

தெளித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை, கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை கண்டால், ஆடையை உடனே களைந்து, உடலை நீரால் நன்கு கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. வற்புறுத்தி வாந்தி எடுக்கச் செய்தல் தவறு.

குடிநீர்த் தொட்டியும் சலவைத் தூளும்

வெளுப்புத் தொழிலில் பயன்பட்ட பிளீச்சிங் பவுடர் என்னும் சலவைத் தூளே இன்று நம் குடிநீரைத் தூய்மை செய்கிறது. 100க்கு 25 பங்கு குளோரின் உள்ள தூளாயின், 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம் இட்டால் ஒரு கிராம் குளோரின் சேரும். இக்கணக்கில் 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம் வேண்டும். தூளைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழிந்த பின்னரே வழங்குதல் முறை.

இத்தூளோடு கழிப்பறை கழுவும் அமிலம் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915இல், முதல் உலகப்போரில், படைவீரர்களைக் கொல்லும் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அதுவே. ஊராட்சி அலுவலகத்தின் ஒரே மூலையில் தூள் மூட்டையும் அமிலப் புட்டியும் அருகருகே இருப்பின், அவற்றைப் பிரித்து வைப்பதே முதற்கடமை. தூளை உலர்ந்த, காற்றோட்டமுள்ள அறையில் இறுக மூடி வைத்தல் வேண்டும். நெடுநாள் இருந்தால் அதன் வலிமை குன்றும். தேவைக்கு மிகுதியாக வாங்குவது செலவும் தீங்குமாகும்.

குழியில் இறங்குமுன்

கழிவுநீர்த் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, மிகுந்த அளவில் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்யும். நாற்றம் இல்லை என்று எண்ணி இறங்குபவர் மீள்வதில்லை. அவரைக் காக்கக் குதிப்பவரும் உடன் மாய்வதுண்டு. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையும் போதாது. அது மூச்சுக்காற்றின் குறைவை ஓரளவு காட்டுமேயன்றி நச்சு வாயுவைக் காட்டாது; மீத்தேன் இருப்பின் தீப்பற்றும். ஆழ்கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டுவதும் அதன் புகையால் உயிரைப் பறிக்கும்.

இங்கு முதல் வேலி ஒன்றே உண்மையான வேலி. மனிதன் இறங்காமல் இயந்திரமே உறிஞ்சுதல் வேண்டும். காப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. எத்தொகையும் போன உயிருக்கு ஈடாகாது.

பள்ளி ஆய்வுக்கூடம்

இப்பழக்கம் இளமையிலேயே ஊன்றப்பட வேண்டும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. எழும் வெப்பம் அமிலத்தைத் தெறிக்கச் செய்யும். ஆசிரியரே அமிலத்தை நீர்க்கச் செய்து சிறு புட்டிகளில் வழங்கினால் மாணவருக்கு அத்தீங்கே இல்லை. ஒவ்வொரு புட்டியிலும் பெயர்ச்சீட்டு, பூட்டிய அலமாரி, மணல் வாளி, ஓடும் நீர்க்குழாய் ஆகியன இன்றியமையாதவை. கண்ணில் அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

நாம் செய்யத்தக்கது

மே முதல் நாள் தொழிலாளர் தினம். அன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன்பாக ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரின் தொழிற்களங்களைச் சுற்றிப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிப்பார்களாக. ஒவ்வொரு தீங்குக்கும் நேரே ஐந்து வேலிகளையும் வரிசையாக எழுதி, எது உள்ளது, எது இல்லை எனக் குறித்துச் சபையில் படிப்பார்களாக. கையுறையும் முகமூடியும் மட்டுமே குறிக்கப்பட்டு, மற்ற நான்கு இடங்களும் வெறுமையாக இருக்கும் வேலை எதுவோ, அதுவே முதலில் திருத்தப்பட வேண்டியது.

பயிருக்கு வேலி அமைக்கும்போது, ஆடு உள்ளே வந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் தடுப்பதே மேல் என்பதை நம் உழவர் நன்கு அறிவர். அவ்வறிவை உழைப்பவரின் உயிருக்கும் பயன்படுத்துவோமாக. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதே கிராம முன்னேற்றத்தின் முதல் அடையாளமாகும்.