கூட்டமாக சைக்கிளில் போகிறீர்களா?

ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் சேர்ந்து கிளம்புவதாக இருந்தால், தூரத்தையும் வேகத்தையும் முந்தைய நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். “மெதுவாத்தான் போவோம்” என்றால் போதாது. மணிக்கு 18 கி.மீ.யா, 25-ஆ என்பது தெரிய வேண்டும்.

ஆள் அதிகமென்றால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பஸ்காரர் முந்துவதற்கு நடுவில் இடம் கிடைக்கும். வழி தெரிந்தவர் முன்னால், பங்க்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில்.

உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. அவர் ஒரு கல்லுக்கு ஒதுங்கினாலே உரசும். பெரும்பாலும் விழுவது நீங்கள்தான். பள்ளம் வந்தால் அந்தப் பக்கம் கையைத் தாழ்த்திக் காட்டி, குரலும் கொடுங்கள். சடன் பிரேக் வேண்டவே வேண்டாம். எதிர்காற்றா? பழகியவர்கள் முன்னால் போகட்டும், புதியவர்கள் அவர்கள் முதுகை ஒட்டி வரட்டும்.

டீக்கடையில் நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. முதலில் வந்தவர்கள் டீ குடித்து இளைப்பாறியிருப்பார்கள். கடைசி ஆள் வந்து காலை ஊன்றியதும், “கிளம்பலாமா?” என்பார்கள். அவரும் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கட்டும். அப்புறம் அவரையே முன்னால் விட்டு, அவர் வேகத்தில் கிளம்புங்கள்.