தளர்ந்த கால்கள் தாவின

அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டு பிறந்த ரே யூரி என்பவரை இளமையிலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கிற்று. சக்கர நாற்காலியே அவருக்குத் துணையாயிற்று. கால்கள் இனித் தேறா என மருத்துவர் அஞ்சினர். யூரியோ சோர்ந்திலர், நாள்தோறும் பயின்று கால்களுக்கு உரமூட்டினார்.

ஓடி வந்து தாவுவோர்க்கு ஓட்டத்தின் விசை உதவும். நின்றவாறே தாவுவோர்க்கோ, தொடையும் கெண்டைக்காலும் தரையை உந்தும் வலிமையே துணை. அவ்வலிமை ஒரே நாளில் வாராது. பழகியதினும் சற்றே மிகுந்த சுமையைத் தாங்கிப் பின் ஓய்வு பெறும் தசையே உரம் பெறும். ஓய்வின்றி வருத்தினால் ஊறு நேரும்.

தொழிலால் பொறியாளரான யூரி, 1900ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில், நின்று தாவும் போட்டிகள் மூன்றிலும் ஒரே நாளில் வென்றார். 1904, 1908ஆம் ஆண்டுகளிலும் வாகை சூடி, மொத்தம் எட்டு வெற்றிகள் எய்தினார்.

மாணவர்களே! தளர்ந்த கால்களே பயிற்சியால் தாவின எனின், நல்ல கால்கள் பெற்ற நாம் பயிலாதிருத்தல் தகுமோ?