சேய்மையும் செல்காலமும்

நம் முன்னோர் வழியின் நீளத்தைக் கோலால் அளந்ததோடு அமையாது, காலத்தாலும் அளந்தனர். 'நாழிகை வழி' என்னுஞ் சொல் அதற்குச் சான்று. ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தூரமே நாழிகை வழியாம். நடப்போர்க்கு இவ்வளவை பொருந்தும். பறப்போர்க்கும் பொருந்துமோ என்பதை வடகோடியிலுள்ள இரு விமான நிலையங்களைக் கொண்டு ஆராய்வாம்.

ஒன்று அலாஸ்காவின் வடகரையிலுள்ள உட்கியாக்விக். 2016ஆம் ஆண்டு வரை பறோ என வழங்கிய ஊர் இதுவே. 1935இல் அவ்வூருக்கு அணித்தே விமானம் வீழ்ந்து மாண்ட வைலி போஸ்ட், வில் றோஜர்ஸ் என்னும் இருவரின் பெயரையும் இந்நிலையம் தாங்கி நிற்கின்றது. மற்றையது நோர்வேக்குரிய சுவால்பாட் தீவுகளில், லோங்இயர்பியன் என்னும் ஊரில் 1975இல் திறக்கப்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் பிற ஊர்களிலிருந்து தெரு இல்லை.

சுவரில் தொங்கும் மேக்காற்றர் எறியப் படத்தில் ஒன்று இடக்கோடியிலும், மற்றையது நடுவிற்கு அப்பாலும் கிடக்கும். அளவுகோலை அதன்மேல் வைத்துத் தூரங் கூறும் மாணவர் பலர். இப்பழக்கத்தை நாம் சிறிதும் விரும்புவதில்லை. பூகோள உருண்டையை எடுத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடமுனைவை ஒட்டியே செல்லக் காணலாம். கணக்கும் எளிதே. உட்கியாக்விக்கின் அகலக்கோடு 71 பாகை 17 கலை. முனைவுக்கு எஞ்சுவது 18 பாகை 43 கலை. லோங்இயர்பியன் 78 பாகை 15 கலையில் உள்ளது. எஞ்சுவது 11 பாகை 45 கலை. இரண்டுங் கூடி ஏறக்குறைய 30½ பாகை. பாகைக்கு 111 கிலோமீற்றராகப் பெருக்க 3385 வரும். நெடுங்கோட்டு வேற்றுமை 180 பாகைக்கு எட்டுப் பாகை அளவிற் குறைவதால், உண்மைத் தூரம் இதனினுஞ் சற்றுக் குறைந்து 3380 கிலோமீற்றர் அளவினதாகும்.

மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கும் விமானம் இதனை 4¼ மணியிற் கடக்கும். ஆனால் அங்ஙனம் செல்லும் பயணிகள் விமானம் இல்லை. ஓரூரில் ஐயாயிரவரும் மற்றையதில் அதிற் பாதியளவினரும் வாழ்கின்றனர், யாருக்காகப் பறப்பது? ஆகவே பயணி ஆங்கரேச், சியாற்றில், பிராங்போட், ஒஸ்லோ எனத் தெற்கே இறங்கி மீண்டும் வடக்கே ஏறல் வேண்டும். வழி 14000 கிலோமீற்றருக்கு மேற்படும். வானிற் கழியும் பொழுது மட்டும் ஏறத்தாழ 20 மணி. இடையிற் காத்திருத்தல் வேறு.

வியப்பு யாதெனின், 1928 ஏப்ரிலில் வில்கின்ஸ், ஐல்சன் என்னும் இருவர் ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் பறோ முனையிலிருந்து சுவால்பாட்டை அடைந்ததும் 20 மணிக்குச் சற்று மேற்பட்ட பறப்பிலேயாம். அப்பகுதியிற் காந்த ஊசியை நம்புதல் அரிது. நேரே செல்பவனுக்கும் திசை மாறிக்கொண்டேயிருக்கும். ஆதலின் சூரியனை அளந்தளந்தே வில்கின்ஸ் வழிகாட்டினார். புயலிற் சிக்கி ஒரு சிறு தீவில் இறங்கிச் சில நாள் தங்கிய பின்னரே அவர்கள் குடியிருப்பை அடைந்தனர்.

உட்கியாக்விக் மக்களுக்கு இஃது ஏட்டுக் கணக்கன்று. கொடிய நோயுற்றோரை 1165 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆங்கரேச்சுக்கு வானவழியே கொண்டு செல்லல் வேண்டும். தெளிந்த நாளில் அஃது இரண்டு மணிப் பயணம். மூடுபனி இறங்கிய நாளில் விமானம் எழாது. நோயாளியின் சுற்றத்தார் வானத்தை நோக்கியிருப்பர்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி. சுவால்பாட்டின் மணிக்கூடு அலாஸ்காவினதற்குப் பத்து மணி முந்தியது. காலை 8 மணிக்கு லோங்இயர்பியனில் எழும் விமானம் முன்கூறிய 4¼ மணியில் முனைவைக் கடந்து செல்லுமாயின், உட்கியாக்விக்கில் அன்று அதிகாலை 2¼ மணிக்கே இறங்கும். புறப்படுமுன்னரே போய்ச் சேர்ந்தது எங்ஙனம் என்பதை உருண்டையை வைத்து விளக்குக.